இன்ஜின் மாற்றிய வண்டியில் டெம்பரேச்சர் முள் சொல்வது பொய்யா மெய்யா?

இன்ஜினை இறக்கி, வேறொன்றை ஏற்றி, மவுண்டு, கியர்பாக்ஸ், புகைக்குழாய் எல்லாம் பொருத்தி, முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் வரும் சந்தோஷம் பத்து நிமிடம்தான். அப்புறம் கண் டேஷ்போர்டுக்குப் போகும். டெம்பரேச்சர் முள் ஒன்று அடியிலேயே படுத்துக் கிடக்கும், இல்லை சாவி போட்டவுடனே சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தப் புகாரோடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மீட்டரும் நல்ல மீட்டர், சென்சாரும் நல்ல சென்சார். மீட்டர் பழைய வண்டியோடு வந்தது, சென்சார் புது இன்ஜினோடு வந்தது, இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அதனால் எடுத்த எடுப்பில் கிளஸ்டரை, அதாவது டேஷ்போர்டில் மீட்டர்கள் சேர்ந்திருக்கும் பெட்டியை, பிரிக்காதீர்கள். முள் எப்படித் தப்பு செய்கிறது என்று பார்த்து, கீழே அதற்கான தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத சோதனை முதலில், காசு போகும் வேலை கடைசியில்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், இரண்டு மீட்டர் நீளத்துக்கு இரு முனையிலும் கிளிப் வைத்த ஒயர், உப்புத்தாள், முடிந்தால் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்.

எல்லாவற்றுக்கும் முன்: இன்ஜின் நிஜமாகவே எவ்வளவு சூடு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மீட்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. முள் பொய் சொல்கிறது என்று எண்ணி ஓட்டி, அது உண்மை சொல்லியிருந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிடும்.

இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மூடிக்குப் பக்கத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளவெடுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாகக் காட்டினால் அது உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். அளக்கப்போகும் இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளவெடுத்தால் நம்பலாம். வண்டியில் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இருந்து, ஸ்கேனர் பேசுகிறது என்றால் அதில் வரும் கூலண்ட் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஐந்து டிகிரி பத்து டிகிரி வித்தியாசத்துக்குள் இருந்தால் அதுதான் உண்மை. மூடியின் உலோகம் உள்ளே ஓடும் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும்.

சாதாரணமாக ஓடும் இன்ஜின், தெர்மோஸ்டாட்டைப் பொறுத்து, 80 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். அந்த எல்லைக்குள் இருந்தால் நிம்மதியாக மீட்டரைத் தேடலாம். 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு, கடைசித் தலைப்புக்குப் போங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

எந்த சென்சார் யாருக்கு?

இன்ஜினில் தெர்மோஸ்டாட்டைச் சுற்றி இரண்டு மூன்று சென்சார்கள் இருக்கும். ஒரே ஒரு முனை உள்ளது பெரும்பாலும் மீட்டருக்கு. அது தன் மரை வழியாகவே எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) எடுத்துக்கொள்ளும். இரண்டு முனை உள்ளது பெரும்பாலும் இசியூவுக்கு. மூன்று முனை இருந்தால் ஒரே உடம்புக்குள் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். இவை தவிர ஃபேன் ஸ்விட்ச், எச்சரிக்கை விளக்கு ஸ்விட்ச் என்றும் உண்டு. அவை சென்சாரே இல்லை. ஒரு குறிப்பிட்ட சூட்டில் ஆன் ஆகும், அதற்குக் கீழே ஆஃப். ஒற்றை முனை ஸ்விட்சும் ஒற்றை முனை சென்சாரும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் குட்டு வெளிப்படும். ஆறிய இன்ஜினில் மீட்டர் சென்சார் சில நூறு ஓம் காட்டும், சில வகை ஆயிரத்தையும் தாண்டும். சூடாக ஆக அது இறங்கி, ஓடும் சூட்டில் சில பத்து ஓமுக்கு வந்துவிடும். இசியூ சென்சாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 20 டிகிரியில் 2,000 முதல் 3,500 ஓம் வரை இருக்கும், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டி. ஸ்விட்ச் என்றால் ஒன்று பூஜ்யம், இல்லை முடிவிலி. நடுவில் எதுவும் கிடையாது.

இந்த எண்களைச் சாக்பீஸால் இன்ஜின் மூடியிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்தது.

அறிகுறி 1: முள் அசையவே இல்லை, குளிர்ப்பக்கத்திலேயே கிடக்கிறது

முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். அதுவும் செத்துக் கிடந்தால் ஃபியூஸ், கிளஸ்டருக்குப் பின்னால் உள்ள கப்ளர் (ஒயர்களைச் சொருகும் இணைப்பு), கிளஸ்டரின் எர்த், இவைதான். சென்சார் பக்கம் போகவே வேண்டாம்.

பெட்ரோல் முள் நன்றாக இருந்தால் ஒயரைச் சோதிக்கலாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மீட்டர் சென்சாரில் இருந்து ஒயரைக் கழற்றி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத சுத்தமான இடத்தில் இரண்டு மூன்று நொடி தொட்டுப் பிடியுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்க்கட்டும். பழைய மாதிரி மீட்டரில் முள் சோம்பலாக நகரும், புதியதில் சட்டென்று ஏறும். பாதி தாண்டியதும் எடுத்துவிடுங்கள், கடைசி வரை போகவிட வேண்டாம். எலக்ட்ரானிக் மீட்டர் என்றால் நேரடியாக எர்த் கொடுக்காமல் நடுவில் 20, 30 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்துத் தொடுவது நல்லது. இந்தச் சோதனை மீட்டர் ஒயருக்கு மட்டும்தான், இசியூ ஒயரில் செய்யாதீர்கள். டெஸ்ட் லாம்ப்பையும் இசியூ ஒயரில் வைக்கக் கூடாது.

*முள் ஏறியது என்றால்:* மீட்டரும் ஒயரும் சரி. கோளாறு சென்சாரில் அல்லது சென்சார் உட்கார்ந்திருக்கும் விதத்தில். அது மீட்டர் சென்சார்தானா, ஸ்விட்சா, இசியூ சென்சாரா என்று மேலே சொன்னபடி பாருங்கள். இசியூ சென்சாரின் ஒரு முனையில் மீட்டர் ஒயரைச் சொருகி வைத்திருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். நல்ல சூட்டிலும் அது 200 ஓமுக்குப் பக்கத்தில்தான் வரும். பெரும்பாலான மீட்டர்களுக்கு 200 ஓம் என்றால் இன்னும் குளிர். முள் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து நின்றுவிடும்.

சென்சார் சரியானதுதான் என்றால் மரையில் டெஃப்லான் டேப் எத்தனை சுற்று என்று பாருங்கள். தண்ணீர் கசியக் கூடாது என்று ஆறேழு சுற்றுச் சுற்றியிருப்பார்கள். அந்த டேப் மின்சாரத்தையும் சேர்த்து அடைத்துவிடும். சென்சாரின் அறுகோண உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே ஓம் அளந்தால் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் கழற்றிச் சுத்தம் செய்து, முதல் இரண்டு மரையை வெறுமனே விட்டு, ஒன்றரைச் சுற்று டேப் போதும்.

*இன்ஜினில் தொட்டபோது ஏறவில்லை, ஆனால் நீள ஒயரால் பேட்டரி நெகட்டிவில் நேரடியாகத் தொட்டால் ஏறுகிறது என்றால்:* இன்ஜினுக்கு எர்த் இல்லை. அறிகுறி 4-க்குப் போங்கள்.

*எங்கே தொட்டாலும் ஏறவில்லை என்றால்:* ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மீட்டர் போயிருக்கிறது. இன்ஜினை இறக்கும்போது ஒயரிங்கை வெட்டி ஒட்டியிருந்தால் ஒட்டின இடத்தில் இருந்து தொடங்குங்கள். கிளஸ்டருக்குப் பின்னால் மீட்டரின் முனையிலேயே இதே சோதனையைச் செய்தால் ஒயரா மீட்டரா என்று தெரிந்துவிடும். அங்கேயும் அசையவில்லை என்றால் கிளஸ்டரை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

இன்னொன்று. கொஞ்சம் புதிய வண்டிகளில் மீட்டருக்கென்று தனி ஒயரே இருக்காது. இசியூ, கேன் லைன் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் ஒயர்) வழியாகக் கிளஸ்டருக்குச் செய்தி அனுப்பும், கிளஸ்டர் அதைப் படித்து முள்ளை நகர்த்தும். புது இன்ஜினோடு வேறு இசியூ வந்திருந்தால் அதன் பாஷை பழைய கிளஸ்டருக்குப் புரியாது. இங்கே சென்சாரை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். தனியாக ஒரு மீட்டரும் அதற்குரிய சென்சாரும் வைத்துவிடுவது எளிய வழி. செய்தியை மாற்றிக் கொடுக்கும் மாட்யூல் வேண்டுமென்றால் கேன் வேலை தெரிந்தவரிடம் போவதுதான் சரி.

அறிகுறி 2: சாவி போட்டதுமே முள் சிவப்பில் முட்டுகிறது

ஆறிய இன்ஜினில் இப்படியென்றால் சந்தேகமே இல்லை, மின்கோளாறுதான். சென்சார் ஒயரைக் கழற்றுங்கள்.

*கழற்றியதும் முள் கீழே இறங்கினால்:* சென்சாருக்குள் ஷார்ட், அல்லது அந்த இடத்தில் சென்சாருக்குப் பதில் ஏதோ ஸ்விட்ச் மாட்டியிருக்கிறது. ஓம் அளந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும்.

*கழற்றியும் இறங்கவில்லை என்றால்:* ஒயர் நடுவில் எங்கோ பாடியில் உரசுகிறது. இன்ஜின் மாற்றிய வண்டியில் நான் முதலில் கை வைப்பது மூன்று இடம்: புகைக்குழாய்க்குப் பக்கத்தில் உருகிய ஒயர், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே போல்ட் முடுக்கும்போது சிக்கிய ஒயர், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டின் ஓட்டையில் ரப்பர் இல்லாமல் நுழைத்த ஒயர். பழைய இன்ஜினுக்குப் போய், இப்போது வேலையில்லாமல் தொங்கும் ஒயர்களையும் பாருங்கள். டேப் சுற்றாமல் விட்ட முனை ஒன்று எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும்.

அறிகுறி 3: முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது, ஆனால் காட்டும் அளவு தப்பு

இங்கேதான் பலர் நாட்களைத் தொலைக்கிறார்கள். இன்ஜின் 90 டிகிரியில் இருக்கும், முள் கால்வாசியில் நிற்கும். அல்லது 85 டிகிரிக்கே முக்கால் தாண்டும். எல்லாமே வேலை செய்வதால் எதைக் குறை சொல்வது என்று தெரியாது.

செலவில்லாத காரணம் முதலில்: சென்சார் உட்கார்ந்திருக்கும் இடம். தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் அடாப்டர் வெட்டி வைத்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கும் வரை அங்கே சூடான தண்ணீர் வராது. முள் வெகுநேரம் அடியில் கிடந்து, திடீரென்று குதிக்கும். ரப்பர் ஹோஸின் நடுவில் உள்ள அடாப்டருக்கு எர்த்தும் தானாக வராது, தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். சென்சார் இருக்க வேண்டிய இடம் தெர்மோஸ்டாட்டுக்கு இன்ஜின் பக்கம்.

அடுத்து, மரை அடாப்டர். பழைய மீட்டரின் சென்சாரைப் புது இன்ஜினில் மாட்ட ஒரு பித்தளை அடாப்டர் போட்டிருப்பீர்கள். அது நீளமாக இருந்தால் சென்சாரின் நுனி தண்ணீர் ஓடும் பாதைக்கு வராமல் அடாப்டரின் பொந்துக்குள்ளேயே நின்றுவிடும். தேங்கிய தண்ணீரின் சூட்டைத்தான் அது காட்டும், பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக. சென்சாரை அடாப்டரில் மாட்டி வெளியே வைத்துப் பாருங்கள். நுனி அடாப்டரைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும்.

மரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எட்டில் ஒரு இன்ச் என்பிடி (அமெரிக்க முறை) மரையும் அதே அளவு பிஎஸ்பி (பிரிட்டிஷ் முறை) மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். முன்னதில் ஒரு இன்சுக்கு 27 மரை, பின்னதில் 28. இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறி, அப்புறம் இறுகும். சரி, நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் அலுமினியம் ஹவுசிங் விரிசல் விடும். கையால் நான்கைந்து சுற்று ஏறாத எதையும் ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் லேத்தில் காட்டுங்கள்.

இடமும் ஆழமும் சரி என்றால் மிச்சம் பொருத்தம்தான். மீட்டர் என்ன ஓம் எதிர்பார்க்கிறது, சென்சார் என்ன ஓம் கொடுக்கிறது, இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஒரு அரை நாள் வேலை, ஆனால் ஊகத்தில் மூன்று சென்சார் வாங்குவதைவிட மேல்.

மீட்டரின் பக்கம்: சென்சார் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே சென்சாருக்குப் பதிலாக ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றி வையுங்கள். 300, 200, 100, 70, 50, 40, 30 ஓம். ஒவ்வொன்றுக்கும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். பழைய மீட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது பொறுங்கள், அது மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

சென்சாரின் பக்கம்: அகலமான பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஒரு சமையல் தெர்மாமீட்டர். சென்சாரைக் கம்பியில் கட்டி, நுனி மட்டும் முழுகும்படி தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் பட்டால் அளவு கெட்டுவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனை சென்சாரின் தலையில், இன்னொன்று அறுகோண உடம்பில், கிளிப் போட்டு நிறுத்துங்கள். கையால் அழுத்திப் பிடித்தால் எண் ஆடும். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, கிளறிக்கொண்டே, 60, 80, 90, கொதிநிலை, நான்கிலும் ஓம் எழுதுங்கள். ஆறவிட்டு இறங்கும்போதும் ஒருமுறை எழுதினால் சந்தேகம் தீரும்.

இப்போது இரண்டு தாளையும் பக்கத்தில் வையுங்கள். 90 டிகிரியில் சென்சார் கொடுக்கும் ஓமுக்கு முள் நடுவுக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டும் பொருத்தம், வேறு காரணம் தேடுங்கள். இல்லையென்றால் பொருத்தமில்லாத ஜோடி. என் விதி ஒன்றுதான்: மீட்டரோடு வந்த சென்சார் மீட்டருக்கு, இசியூவோடு வந்த சென்சார் இசியூவுக்கு. இரண்டையும் இன்ஜினில் தனித்தனி ஓட்டையில் வையுங்கள். பழைய இன்ஜினில் இருந்து சென்சாரைக் கழற்றிப் புது இன்ஜினுக்கு அடாப்டரோடு மாற்றுவதுதான் சுத்தமான தீர்வு. இன்ஜினைத் தூக்கிக் கொடுக்கும்முன் சென்சாரைக் கழற்றி வைத்துக்கொள்ளாதவர்கள் இங்கே தலையில் கை வைப்பார்கள்.

ரெசிஸ்டர் ஒட்டி ஒப்பேற்ற முடியாதா என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் முடியும், மறுபக்கம் முடியாது. முள் அதிகமாகக் காட்டுகிறது, அதாவது சென்சார் தேவைக்குக் குறைந்த ஓம் கொடுக்கிறது என்றால், தொடராக ஒரு ரெசிஸ்டர் சேர்க்கலாம். 40 ஓம் வேண்டிய இடத்தில் 25 கிடைக்கிறது, ஒயரின் நடுவில் 15 ஓம், ஒரு வாட் தாங்கக்கூடியது, வைத்தால் சரியாகிவிடும். ஆறியிருக்கும்போது 400 ஓம் 415 ஆகும், முள்ளுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் முள் குறைவாகக் காட்டும்போது இணையாக, அதாவது சென்சார் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே, ரெசிஸ்டர் வைப்பது ஏமாற்று வேலை. இசியூ வகை சென்சார் சூட்டில் 200 ஓம் தருகிறது, மீட்டருக்கு 40 வேண்டும், இணையாக 50 ஓம் வைத்தால் கணக்கு 40-க்கு வந்துவிடும். அதே சென்சார் ஆறியிருக்கும்போது 2,500 ஓம். 50 ஓமோடு இணைந்தால் 49. ஆக, குளிரில் 49, சூட்டில் 40. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே முள் நடுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க அழகாக இருக்கும், உபயோகம் ஒன்றுமில்லை.

பழைய வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தப்பு காட்டினால், கிளஸ்டருக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அந்தக் கால மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட்தான் போக வேண்டும். ஸ்டெபிலைசரின் உடம்புக்கு எர்த் விட்டுப்போனால் முழு பேட்டரி வோல்டேஜும் போய், இரண்டு முள்ளும் ஒன்றாக மேலே ஏறும்.

தெர்மோஸ்டாட்டையும் மறக்க வேண்டாம். அது திறந்தபடி சிக்கியிருந்தால், அல்லது இன்ஜினை விற்றவர் அதைப் பிடுங்கிப் போட்டிருந்தால், இன்ஜின் நிஜமாகவே 60, 65 டிகிரியில் ஓடும். முள் உண்மையைத்தான் சொல்லும்.

அறிகுறி 4: ஹெட்லைட் போட்டால், ஃபேன் ஓடினால் முள் ஏறுகிறது அல்லது இறங்குகிறது

இன்ஜின் சூடு ஹெட்லைட்டைப் பார்த்து மாறாது. இது எர்த் கோளாறு, வேறெதுவும் இல்லை.

ஒரு பழைய பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தோம். இன்ஜினுக்குப் புதுப் பெயின்ட், பார்க்க அவ்வளவு அம்சம். இரவில் ஓட்டினால் முள் ஏறும், பகலில் ஒழுங்காக இருக்கும். இரவில் காற்று குளிர்ச்சியாகத்தானே இருக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு மூன்று சென்சார் மாற்றினேன். மூன்றாம் நாள் மாலை, ஸ்பேனர் உருண்டு போனதென்று குனிந்தால், மூலையில் கழற்றிப் போட்டிருந்த பழைய பெட்ரோல் இன்ஜினின் பக்கவாட்டில் பின்னல் கம்பிப் பட்டை ஒன்று தொங்குகிறது. ஒரு முனையில் போல்ட்டும் வாஷரும் அப்படியே. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அது. புது இன்ஜின் இத்தனை நாளும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் எர்த் எடுத்துக்கொண்டிருந்தது.

சோதனை இதோ. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தலையில், மறுமுனை சென்சாருக்குப் பக்கத்தில் இன்ஜினின் சுத்தமான உலோகத்தில். இன்ஜின் ஓட, லைட், ஹார்ன், ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5-க்கு மேல் போனால் எர்த் மோசம். அடுத்து, ஒரு முனையைக் கிளஸ்டரின் எர்த் ஒயருக்கு மாற்றி இதையே செய்யுங்கள். இன்ஜின் எர்த்தும் கிளஸ்டர் எர்த்தும் வேறு வேறு அளவில் இருந்தால் முள் அந்த வித்தியாசத்தையும் சூடு என்று எண்ணிக் காட்டும்.

தீர்வு எளிது. பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை உப்புத்தாள் போட்டு, தடிமனான எர்த் பட்டையை இன்ஜின் பிளாக்கில் இருந்து பாடிக்கும், இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவுக்கும் முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவலாம், முன்னால் தடவ வேண்டாம். கிளட்ச் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ ஸ்டார்ட் செய்யும்போது சூடானால், அந்த கேபிளை மாற்றிவிடுங்கள், உள்ளே இளகியிருக்கும்.

அறிகுறி 5: முள் ஊஞ்சல் ஆடுகிறது

ஆட்டம் எப்படி என்பதில்தான் விஷயம். வண்டி குலுங்கும்போது வெட்டி வெட்டி ஆடினால் கப்ளர் தளர்வு. ஒயரைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

மெதுவாக ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறினால் உள்ளே காற்று. இன்ஜின் மாற்றும்போது தண்ணீர் முழுக்க வடிந்திருக்கும், திரும்ப நிரப்பும்போது ஹெட்டின் உச்சியில் காற்று தங்கிவிடும். சென்சாரின் நுனி ஒரு நேரம் தண்ணீரிலும் ஒரு நேரம் ஆவியிலும் நிற்கும். புது இன்ஜின் பழையதைவிட உயரம், ரேடியேட்டர் அதைவிடத் தாழ்வு என்றால் இது கட்டாயம் நடக்கும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்தபடி ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை தண்ணீர் சேருங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிட்டால் குமிழி சீக்கிரம் வரும். ஏர் ஸ்க்ரூவே இல்லாத அமைப்பில் உயரமான ஹீட்டர் ஹோஸை மேல்முனையில் கொஞ்சம் கழற்றிக் காற்றை விடலாம். தெர்மோஸ்டாட்டில் சிறு ஓட்டையோ குண்டூசி போன்ற வால்வோ இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு மூன்று முறை காற்றெடுத்தும் குமிழி வந்துகொண்டே இருந்தால், அது தங்கிய காற்றில்லை. ஹெட் கேஸ்கெட் வழியாகப் புகை தண்ணீருக்குள் வருகிறது. அங்கே நிறுத்திவிட்டு, தண்ணீரில் புகை கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் ரசாயனக் குழாயும் பிரஷர் டெஸ்டரும் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று குளிர்ப்பக்கம் விழுந்து, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், உடனே ஓரம் கட்டி அணையுங்கள். தண்ணீர் முழுக்கப் போய், சென்சாரின் நுனி காற்றில் தொங்குகிறது. இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதுதான் மீட்டர் அமைதியாக இருக்கும்.

அறிகுறி 6: மீட்டர் சரி, ஆனால் ஃபேன் நிற்கவே இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்

இது மீட்டர் கோளாறு போலத் தெரியாது. ஆனால் வேர் அதே இடம்தான். மீட்டர் வேலை செய்ய வேண்டும் என்று மீட்டர் சென்சாரை இசியூவின் ஒயரில் மாட்டியிருப்பார்கள், அல்லது ஒரே சென்சாரில் இருந்து இரண்டுக்கும் ஒயர் இழுத்திருப்பார்கள். ஆறிய மீட்டர் சென்சாரின் சில நூறு ஓமைப் பார்த்து, இன்ஜின் ஏற்கெனவே 80 டிகிரி என்று இசியூ நினைக்கும், குளிர் ஸ்டார்ட்டுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. ஓடிச் சூடானதும் 40 ஓமைப் பார்த்து 150 டிகிரி என்று பதறும், ஃபேனை நிறுத்தவே நிறுத்தாது. ஸ்கேனரில் ஆறிய இன்ஜினின் வெப்பநிலை வெளிக்காற்றின் வெப்பநிலையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் ஒயர்களைப் பிரியுங்கள். இரண்டு சாதனம் ஒரே சென்சாரைப் பங்குபோட்டால் இரண்டுமே தப்பாகத்தான் படிக்கும்.

அறிகுறி 7: முள்ளும் தெர்மாமீட்டரும் ஒரே பேச்சு, இன்ஜின் நிஜமாகவே கொதிக்கிறது

மீட்டரை விட்டுவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. மாற்றிய இன்ஜினுக்கென்றே உள்ள மூன்று காரணங்களை மட்டும் நீங்களே பார்க்கலாம். மற்றவற்றுக்குக் கை தேர்ந்தவர் வேண்டும்.

ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது? எலக்ட்ரிக் ஃபேனின் இரண்டு ஒயரும் இடம் மாறினால் அது எதிர்த்திசையில் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டிய ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்தால் ஒயரை மாற்றுங்கள்.

வாட்டர் பம்ப் சரியான திசையில் சுற்றுகிறதா? சில இன்ஜின்களில் பெல்ட்டின் பல் பக்கம் பம்பை ஓட்டும், சிலவற்றில் முதுகுப் பக்கம். வேறு மாடலின் முன்பக்கப் புல்லிகளைச் சேர்த்து மாட்டினால் பெல்ட் பாதை மாறி, பம்ப் தலைகீழாகச் சுற்றும். தண்ணீர் ஓடுவது போலவே தெரியும், ஓட்டம் போதாது. வண்டி நின்றபடி ஓடினால் தாங்கும், ஏற்றத்தில் கொதிக்கும்.

கீழ் ஹோஸ் சப்புகிறதா? இன்ஜின் வேகம் கூட்டும்போது பம்ப் உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் தட்டையானால், உள்ளே ஸ்பிரிங் இல்லாத ஹோஸை மாட்டியிருக்கிறீர்கள்.

மூன்றும் சரியாக இருந்து, தெர்மோஸ்டாட்டும் கொதிநீரில் திறக்கிறது, காற்றும் எடுத்தாயிற்று, அப்படியும் 110 டிகிரி தாண்டுகிறது என்றால் இன்னொரு முறை ஓட்டிச் சோதிக்க வேண்டாம். ரேடியேட்டர் புது இன்ஜினுக்குப் போதுமா, டைமிங் பின்தங்கியிருக்கிறதா, ஹெட் சமமாக இருக்கிறதா, இவை கருவி உள்ள பட்டறையில் பார்க்க வேண்டியவை. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். போகும்போது ஓம் எழுதிய அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள், மெக்கானிக் மறுபடி சென்சாரில் இருந்து தொடங்க வேண்டியிருக்காது.